மனப்பாடம் செய்த கற்பனை ஸ்வரம்

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் அடுக்ககத்தில் முதலில் கேட்பது சுருதிப்பெட்டி. பால்காரர், கோயில் ஸ்பீக்கர், ஏர்ஃபோர்ஸ் விமானம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே இருக்கிறோம். கீழ்வீட்டு மாமி பாட்டு டீச்சர். எழுபதைத் தாண்டியவர். அந்த நேரத்து மாணவி நியூ ஜெர்சியில் இருக்கிறாள். நமக்கு விடியும் முன், அவளுக்கு முந்தின நாள் இரவு ஏழேகால். என் ஆபீஸ் கால்கள் ராத்திரி பத்தரை வரை இழுப்பதற்கும், மாமியின் க்ளாஸ் விடிகாலையில் தொடங்குவதற்கும் காரணம் ஒரே கடிகாரம்தான்.

அந்தப் பெண் அமெரிக்காவில் ஒரு போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். கல்யாணியில் ஒரு கிருதி, அதற்குக் கற்பனை ஸ்வரம். ஜனவரி முழுக்க பால்கனியில் காபி குடித்தபடி கேட்டேன். இரண்டாவது வாரத்தில்தான் உறைத்தது. திங்கட்கிழமை பாடிய அதே ஸ்வரம் செவ்வாயும் வந்தது. புதனும் வந்தது. பத்து நாள் கழித்து அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நான் காபியைக் கீழே வைக்கும் இடத்தில் அவள் மேல் ஷட்ஜத்தில் நின்றாள், ஒவ்வொரு நாளும்.

கற்பனை ஸ்வரம் என்று பெயர். மனப்பாடமாக வந்துகொண்டிருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கீதம் படித்தவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறவன். ராகம் கண்டுபிடிப்பதில் பத்துக்கு ஐந்து தேறும். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் அதன் வரலாற்றைத் தோண்டாமல் விடமாட்டேன், இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்கு அது தெரியும். இந்த முறை பிடித்துக்கொண்ட கேள்வி: இசைக்குப் போட்டி எப்படி வந்தது? அது நம் இசைக்குள் வந்தபோது என்ன ஆனது?

வார்சாவில் ஒரு விளையாட்டு யோசனை

இன்று 'சர்வதேச இசைப்போட்டி' என்றால் உலகம் மனதில் வைத்திருக்கும் மாதிரிகளில் முக்கியமானது போலந்தில் நடக்கும் ஷோப்பான் பியானோ போட்டி. முதல் போட்டி 1927 ஜனவரியில் வார்சாவில் நடந்தது. தொடங்கியவர் யெர்ஸி ஷுராவ்லேவ் என்ற பியானோ ஆசிரியர். முதல் உலகப்போர் முடிந்த காலம். இளைஞர்களுக்கு ஷோப்பானின் இசை உருகி வழிகிற பழைய சமாச்சாரமாகத் தெரிந்தது. அதே இளைஞர்கள் விளையாட்டு என்றால் உயிரை விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ஷுராவ்லேவுக்கு யோசனை பிறந்தது: ஷோப்பானையும் ஒரு போட்டியாக்கிவிட்டால் என்ன?

இசைப்போட்டி என்பது சங்கீதத்தின் உள்ளேயிருந்து முளைத்தது என்று நான் நினைத்திருந்தேன். இந்தப் போட்டியின் பிறப்பிலேயே விளையாட்டு மைதானம் இருக்கிறது.

யோசனை பலித்தது. முதல் பரிசு சோவியத் யூனியனின் லெவ் ஓபரினுக்கு. அந்த ஆண்டு கலந்துகொண்டு பரிசில்லாமல் ஒரு பாராட்டுப் பத்திரத்தோடு திரும்பியவர்களில் ஒருவர் ட்மிட்ரி ஷோஸ்டகோவிச். இன்று இருவரில் யாருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்?

அடுத்தது 1932. அலெக்சாண்டர் உனின்ஸ்கி, இம்ரே உங்கார் இருவரும் சமமான புள்ளிகள். உங்கார் கண்பார்வை இல்லாதவர். நடுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காசு சுண்டிப் போட்டார்கள். உனின்ஸ்கிக்கு முதல் பரிசு, உங்காருக்கு இரண்டாவது. கிரிக்கெட்டில் யார் முதலில் பேட்டிங் என்று முடிவு செய்கிற அதே முறை.

1955இல் முதல் பரிசு போலந்துக்காரரான ஆடம் ஹராஸ்யேவிச்சுக்கு, இரண்டாவது விளாதிமிர் அஷ்கனாசிக்கு. அஷ்கனாசிதான் முதலாவதாக வந்திருக்க வேண்டும் என்று நினைத்த நடுவர் மிக்கலாஞ்சலி முடிவில் கையெழுத்துப் போட மறுத்தார். 1980இல் இன்னும் பெரிய ரகளை. இவோ போகோரெலிச் என்ற யூகோஸ்லாவிய இளைஞர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அவர் மேதை என்று சொல்லிவிட்டு, 1965இல் இதே போட்டியில் வென்ற மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து வெளியேறினார். போகோரெலிச் ஒரே இரவில் உலகப்புகழ் பெற்றார். அந்த ஆண்டு உண்மையில் முதல் பரிசு வாங்கியவர் வியட்நாமின் டாங் தாய் சோன், அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர். சண்டைச் செய்தியில் அவர் சில காலம் மறைந்தே போனார். ஆனால் 2021இல் வென்ற ப்ரூஸ் லியூ அவருடைய மாணவர். 1990, 1995 இரண்டு போட்டிகளிலும் முதல் பரிசுக்குத் தகுதியானவர் யாருமில்லை என்று நடுவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? ஷோப்பான் போட்டியில் எல்லோர் முன்னாலும் இருப்பது ஒரே தாள். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எங்கே மெதுவாக, எங்கே உரக்க என்பதில் பெரும்பகுதி எழுதியே இருக்கிறது. பத்து பேரும் அதே பாட்டை வாசிக்கிறார்கள். ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான இசை உலகத்தில் இல்லை. அங்கேயே காசு சுண்ட வேண்டியிருந்தது, நடுவர் எழுந்து போக வேண்டியிருந்தது.

அப்படியானால் பாதி இசை பாடும்போதுதான் பிறக்கிறது என்று பெருமைப்படும் நாம் அந்த அச்சில் நம்மை வார்த்துக்கொண்டால்?

நம்மிடம் இருந்த போட்டி

நம்மிடம் போட்டியே இல்லை, அது மேற்கத்திய சரக்கு என்று சொல்லிவிட முடியாது. சியாமா சாஸ்திரிகள் (1762–1827) காலத்துக் கதை ஒன்று சங்கீதக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆந்திரத்திலிருந்து பொப்பிலி கேசவய்யா என்ற வித்வான் தஞ்சாவூர் அரண்மனைக்கு வருகிறார். ஊர் ஊராகப் போய் அங்குள்ள வித்வான்களைத் தோற்கடிப்பதே அவருக்கு வேலை. 'பூலோக சாபசுட்டி' என்று பட்டம் போட்டுக்கொண்டவர், அதாவது பூலோகத்தையே பாய் மாதிரிச் சுருட்டியவர். தஞ்சாவூர் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி சாஸ்திரிகளைக் கேட்கிறார்கள். அவர் காமாட்சி சந்நிதியில் வேண்டிக்கொண்டு சபைக்குப் போகிறார். கேசவய்யா 128 அட்சரம் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் பாட, சாஸ்திரிகள் அதற்கு ஈடுகொடுத்துவிட்டுச் சரபநந்தன தாளத்தில் ஒரு பல்லவியை எடுக்கிறார். கேசவய்யாவால் அதைத் தொடர முடியவில்லை.

கர்ண பரம்பரைக் கதை. எவ்வளவு நடந்தது, எவ்வளவு சீடர்கள் சேர்த்தது என்று பிரிக்க முடியாது. எனக்கு வேண்டியது அந்தப் போட்டியின் அமைப்பு. அதில் மார்க் ஷீட் இல்லை. நடுவர் என்று தனியாக ஒருவர் இருந்து தீர்ப்பு எழுதவில்லை. ஒருவர் பாடியதை மற்றவர் காதால் வாங்கி, அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். எதிராளிதான் கேட்பவர், எதிராளிதான் கேள்வித்தாள். என்ன வரப்போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு போக வழியில்லை. குரூரமான போட்டிதான், தோற்றவன் பட்டத்தை இழப்பான், ஊரை விட்டே போவான். அது திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நம் இசையில் எதைச் சோதித்தது? அப்போதைக்கு அப்போது யோசிக்கிற சக்தியை.

இன்னொரு ஒற்றுமை. வார்சாவில் போட்டி தொடங்கிய அதே 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. கைநழுவிப் போகிற இசையை எப்படிக் காப்பாற்றுவது என்ற ஒரே கவலைக்கு வார்சா கண்ட பதில் போட்டி. சென்னை கண்ட பதில் விவாதம்: வித்வான்கள் காலையில் கூடி ராக லட்சணத்தைப் பற்றி வாதாடுவது, மாலையில் பாடுவது. போட்டிகள் பிறகு இங்கும் வந்தன. இன்று நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் ஒரு நவராத்திரிக்குள் நாலு போட்டி நடக்கிறது.

கிளீவ்லாந்தில் நடந்தது

நம் இசைக்கு நிஜமாகவே சர்வதேசம் என்று சொல்லத்தக்க போட்டி எங்கே நடக்கிறது என்று தேடினால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்குப் போக வேண்டும். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை 1978இல் தொடங்கியது. 'கிளீவ்லாந்து' பாலு என்று நாம் அறிந்த பாலசுப்ரமணியம், வி.வி. சுந்தரம், டொரொண்டோ வெங்கடராமன் ஆகியோர் தூண்கள். முதலில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடிய சின்னக் கூட்டம். பிறகு கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழக அரங்குக்கு வளர்ந்து, பத்து நாளுக்கு மேல் நீளும் விழாவாகிவிட்டது.

திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், ஜனவரி வாக்கில் வரும். 1847இல் தியாகராஜர் சித்தியடைந்த திதி. ஜனவரியில் கிளீவ்லாந்தில் முழங்கால் அளவு பனி இருக்கும். அதனால் அங்கே ஈஸ்டர் விடுமுறையையொட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடம் லீவு, பனியும் உருகியிருக்கும். பெற்றோர்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் கார் ஓட்டி வருவார்கள். வயதுவாரியாக, வாய்ப்பாட்டுக்கும் வாத்தியங்களுக்கும் தனித்தனிப் பிரிவுகளில் போட்டிகள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் பங்கெடுக்கிறார்கள். நடுவர்களாக உட்காருகிறவர்களில் சென்னையிலிருந்து போகும் வித்வான்களும் உண்டு.

இந்த விழாவின் ஒரு காட்சிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆராதனை நாளில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களிலும் பஞ்சரத்ன கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். சேர்ந்து பாடும்போது யார் நன்றாகப் பாடினார் என்ற கேள்வியே எழாது. சிறிசும் பெரிசும், சுருதி சேர்ந்ததும் சேராததும், எல்லாம் ஒரே நதியில் கலந்துவிடும். அதே கட்டடத்தில், அதே வாரத்தில், அதே குழந்தை இன்னொரு அறையில் தனியாக நின்று மற்றவர்களை ஜெயிக்கப் பாடுகிறது. தியாகராஜர் சரபோஜி மன்னரின் அரசவை அழைப்பையே மறுத்தவர் என்பது நாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிற கதை. அவர் பெயரில் பரிசு.

இதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டுக் கடந்து போவது சுலபம். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். காரணம், இந்தப் போட்டி இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். ஒரு அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு நீச்சல் இருக்கிறது, சாக்கர் இருக்கிறது, கணக்குப் போட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. பாட்டுக்கு மட்டும் தேதி இல்லை என்றால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். கிளீவ்லாந்து அந்தத் தேதியைக் கொடுத்தது. ஷுராவ்லேவ் வார்சாவில் செய்ததும் இதுதானே?

தேதி வந்ததும் ஆசிரியர் தேவைப்பட்டார். இணையம் வந்ததும் அந்த ஆசிரியர் மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ சேலையூரிலோ இருந்தால் போதும் என்று ஆயிற்று. எங்கள் கீழ்வீட்டு மாமியைப் போல எத்தனை பேர் புறநகரில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள்! கச்சேரி மேடை கிடைக்காத, சபா செயலாளர்களுக்குப் பெயர் தெரியாத, நல்ல பாடாந்தரம் உள்ள பெண்கள். அமெரிக்காவில் வளர்ந்து, பிறகு சென்னைக்கே குடிவந்து, டிசம்பர் சீசனில் முன்வரிசையில் நிற்கும் சந்தீப் நாராயண், ராமகிருஷ்ணன் மூர்த்தி போன்ற பாடகர்களையும் நாம் பார்த்துவிட்டோம். கடல் தாண்டினால் சங்கீதம் செத்துவிடும் என்ற பயம் பொய்த்துவிட்டது.

ஆக, போட்டி இசையை வாழ வைத்தது. சரி. எந்தப் பாதி இசையை?

டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது

என் தொழிலில் இதற்கு ஒரு அனுபவம் இருக்கிறது. பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எழுதும் நிரலில் எண்பது சதவீதமாவது தானியங்கிச் சோதனையின் கீழ் வரவேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. நல்ல எண்ணம்தான். மூன்று மாதத்தில் எல்லா டீமும் எண்பதைத் தொட்டுவிட்டது. பிழைகள் குறையவில்லை. திறந்து பார்த்தால், பாதி சோதனைகள் நிரலை ஓட்டிவிட்டு எதையும் சரிபார்க்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தன. நானும் அப்படிச் சில எழுதினேன். ஓர் அளவுகோலை இலக்காக வைத்துவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்த விதி இது.

போட்டியில் நடுவர் எதை அளக்க முடியும்? சுருதி விலகினால் தெரியும். தாளம் தப்பினால் தெரியும். சாகித்யத்தில் ஓர் எழுத்து பிசகினால் தெரியும். கணக்கு சரியாக எடுப்பில் வந்து விழுந்தால் தெரியும். இவை எல்லாம் தப்பைக் கண்டுபிடிக்கிற அளவுகோல்கள். ஐந்து நிமிடம் பாடும் குழந்தை இந்த ஸ்வரத்தை இப்போதுதான் யோசித்ததா, நாற்பது நாள் முன்பே டீச்சர் எழுதிக்கொடுத்ததா? அதைக் கண்டுபிடிக்க ஒரே தடவை கேட்கும் நடுவருக்கு வழி கிடையாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் காது இல்லை, என் பால்கனி. நான் பத்து நாள் கேட்டேன்.

புதிதாக யோசித்துப் பாடும் குழந்தை தடுமாறும். மனப்பாடம் செய்த குழந்தை தடுமாறாது. தடுமாற்றத்துக்கு மார்க் குறையும். அப்புறம் எந்த டீச்சர், எந்த அப்பா, யோசித்துப் பாடச் சொல்லுவார்?

'எந்த அப்பா' என்று எழுதியபோது கை நின்றது. ஏனென்றால் அது நான்.

என் மகள் அதே மாமியிடம்தான் கற்றுக்கொள்கிறாள். பதின்மூன்று வயது. இரண்டு வருஷம் முன்பு பக்கத்து ஊர் சபா ஒன்றில் போட்டி. ஸ்வரம் பாடச் சொன்னால் அவள் பாதியில் நின்று யோசிப்பாள், சிரிப்பாள், மறுபடி தொடங்குவாள். எனக்குத் தாங்கவில்லை. ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை வைத்தால் 32. இதைப் பார்த்ததும் எந்த நிரலருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பைத்தானில் சின்ன நிரல் எழுதினேன். 7, 5, 3 என்று பசுவின் வால் மாதிரிக் குறைந்துவரும் மூன்று சொற்கட்டு, மொத்தம் 15. பிறகு 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மூன்று தடவை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி, அது 17. கூட்டினால் 32. சமத்தில் அழகாக வந்து விழும். கல்யாணிக்கு உரிய ஸ்வரங்களை அதில் நிரப்பச் சொன்னேன். நூற்றுக்கணக்கில் கக்கியது. அதில் கேட்கத் தகுந்ததாக மாமி நாலைத் திருத்திக் கொடுத்தார். மகள் மனப்பாடம் செய்தாள்.

இரண்டாம் பரிசு. ஒரு குத்துவிளக்கும் சான்றிதழும். ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பி வரும்போது ஆட்டோவில் பெருமையாகக் கேட்டேன், "எப்படி இருந்துது?"

"நல்லாருந்துதுப்பா. ஆனா அது நான் பாடலையே. நீங்கதானே பாடினீங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் அவள் ஸ்வரம் பாடவே இல்லை. கிருதி பாடுவாள், அதோடு நிறுத்திவிடுவாள். கேட்டால், "ரெடியா எதுவும் இல்லப்பா" என்பாள். முன்பு நின்று, சிரித்து, மறுபடி தொடங்கிய பிள்ளைக்கு 'ரெடி' என்ற வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

மாமி சொன்ன மறுப்பு

இவ்வளவையும் தொகுத்துக்கொண்டு, வக்கீல் மாதிரி மாமியிடம் போனேன். போட்டி கற்பனையைக் கொன்றுவிட்டது என்று வாதம் வைத்தேன். மாமி கீரை ஆய்ந்தபடி கேட்டார்.

"ஏம்ப்பா, மனப்பாடம் பண்ணாம யாருக்கு கற்பனை வந்துருக்கு? எங்க டீச்சர் எனக்கு தோடியில நாப்பது ஸ்வரம் சொல்லிக் குடுத்தா. எல்லாம் அவ கட்டினது. ரெண்டு வருஷம் அதையேதான் பாடினேன். ஒரு நாள் வழில எங்கயோ மறந்து போச்சு. நிறுத்த முடியாது, கூட மிருதங்கம் போயிண்டே இருக்கு. வாய்ல வந்ததப் பாடினேன். அன்னிக்குதான் எனக்கு ஸ்வரம் வந்துது."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மனப்பாடம் எதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியின் கணக்கில் மனப்பாடம் விதைநெல்.

"அப்போ போட்டியில தப்பே இல்லையா மாமி?"

"தப்பு வேற எடத்துல இருக்கு. எனக்கு மறக்கறதுக்கு ரெண்டு வருஷம் இருந்துது. இந்தக் கொழந்தைகளுக்கு ஏப்ரல்ல போட்டி முடிஞ்சுடும். மே மாசம் அடுத்த வருஷத்துக்கு வேற ராகம், வேற பாட்டு. மறக்கறதுக்கு யாரு விடறா?" கீரையைத் தட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார், "மே மாசம் க்ளாஸுக்கு எத்தன பேர் வரான்னுதான் நான் பார்ப்பேன். பரிசு வாங்கினதெல்லாம் எனக்கு ஞாபகமே இருக்காது."

ஒரு மாதமாக நான் படித்த வார்சாவும் தஞ்சாவூரும் கொடுக்காத விடையை மாமி ஒரு கட்டு முளைக்கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் கொடுத்துவிட்டார். ஷோப்பான் போட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. வருகிறவர்கள் வளர்ந்த கலைஞர்கள். நடுவில் மறக்க, மாற, தோற்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நாம் ஐந்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு போட்டி வைத்திருக்கிறோம். விதையைப் போட்டுவிட்டு முளைத்ததா என்று வாரா வாரம் தோண்டிப் பார்க்கிறோம்.

என் விமர்சனம் ஆகவே கொஞ்சம் திருந்திவிட்டது. போட்டி வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை, அது கொடுக்கிற தேதி அவ்வளவு மதிப்புள்ளது. ஆனால் இரண்டு விஷயம் கேட்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று, மனோதர்மத்துக்கு மார்க் போடுவதானால் கேசவய்யா முறையில் போடுங்கள். நடுவர் அப்போது ஒரு வரியைக் கொடுத்து, ஒரு ஸ்வர வாக்கியத்தைப் பாடி, "இதற்குப் பதில் சொல்லு" என்று கேட்கட்டும். உடனடிக் கேள்வி கேட்கிற நடுவர்கள் இங்கேயும் உண்டு, ஆனால் அது ஓரத்தில் ஒரு சடங்காக இருக்கிறது. அது நடுவுக்கு வரவேண்டும். தடுமாறினால் மார்க் குறைக்கக் கூடாது, தடுமாறி எழுந்தால் கூட்ட வேண்டும். இரண்டு, சின்னக் குழந்தைகளுக்கு மனோதர்மத்தில் மார்க்கே வேண்டாம். அவர்கள் கிருதி பாடட்டும், வர்ணம் பாடட்டும். அதில் மனப்பாடம் பெருமைக்குரிய விஷயம். ஸ்வரத்தைப் போட்டி அறைக்கு வெளியே, பஞ்சரத்னம் பாடுகிற மாதிரி எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் ஆவர்த்தனம் பாடட்டும். யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது.

மகள் விஷயம். அந்த பைத்தான் நிரலை அழித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அழிக்கவில்லை, கிட்ஹப்பில் இருக்கிறது, கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளுக்கு இனிமேல் காட்டுவதாக இல்லை. இந்த வருஷம் அதே சபா மறுபடி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறது. நிரப்பாமல் அவள் மேஜையில் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேயே இருக்கிறது, மேலே ஒரு வேதியியல் புத்தகம்.

போன வாரம் காலை ஐந்தே முக்காலுக்கு நியூ ஜெர்சிப் பெண் வந்தாள். போட்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அங்கே இப்போது கோடைநேரக் கடிகாரம், மணி எட்டேகால். ஜெயித்தாளா என்று எனக்குத் தெரியாது, மாமி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே கல்யாணி. காபியோடு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஸ்வரம் வரவில்லை. ஏதோ வேறு ஒன்று தொடங்கி, மேலே போய், நிஷாதத்தில் சுற்றி, எடுப்பைத் தவறவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் மௌனம். நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு ஸ்பீக்கரில் அந்தப் பெண் சிரிப்பது கேட்டது.

"இன்னொரு தரம்" என்றார் மாமி.